ஆஸ்டியான் வளையங்களில் மூத்தது எது? கடின எலும்பின் நுண்ணமைப்பு பற்றிய இழை

வாசகர் கேள்வி – 3 பிப்ரவரி 2024, காலை 10.40

இயன்முறை மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். கடின எலும்பின் குறுக்குவெட்டில் ஹேவர்சியன் கால்வாயைச் சுற்றித் தகடுகள் வளையம் வளையமாக இருக்கின்றன. மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல உள்ளிருந்து வெளிநோக்கி ஒவ்வொன்றாகச் சேர்வதால் வெளி வளையமே புதியது என்றுதான் எங்கள் வகுப்பில் எல்லோரும் எழுதுகிறோம். ஒரு கால்வாயும் அதைச் சுற்றிய வளையங்களும் சேர்ந்ததுதானே ஆஸ்டியான்? அப்படியானால் இரண்டு ஆஸ்டியான்களுக்கு நடுவே கிடக்கும் அரைகுறை வளையத் துண்டுகள் எங்கிருந்து வந்தன? படத்தில் 'இடையீட்டுத் தகடுகள்' என்று பெயர் மட்டும் குறித்திருக்கிறார்கள், விளக்கம் இல்லை.

3 பிப்ரவரி 2024, இரவு 9.15

வெளி வளையமே மூத்தது. கால்வாயை ஒட்டியிருப்பது கடைசியாகப் படிந்தது. மரத்தில் நடப்பதற்கு இது நேர் எதிர்.

ஆஸ்டியான் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும். ஏற்கெனவே இருக்கும் எலும்புக்குள் ஆஸ்டியோகிளாஸ்ட்கள், அதாவது பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள், கூட்டமாகச் சேர்ந்து எலும்பின் நீளவாக்கில் ஒரு சுரங்கத்தைக் குடைந்துகொண்டே போகின்றன. அவை அமிலத்தைச் சுரந்து தாது உப்பைக் கரைக்கின்றன. நொதிகளைச் சுரந்து கொலாஜன் என்னும் இழைப் புரதத்தைச் சிதைக்கின்றன. ஒரு நாளில் அவை முன்னேறும் தூரம் சுமார் 40 மைக்ரோமீட்டர். குடையும் சுரங்கத்தின் விட்டம் ஏறத்தாழ 200 மைக்ரோமீட்டர், அதாவது 0.2 மி.மீ. அவற்றின் பின்னாலேயே ஓர் இரத்த நுண்குழாய் சுரங்கத்துக்குள் வளர்ந்து வருகிறது. அதற்கும் பின்னால் எலும்பை உருவாக்கும் செல்களான ஆஸ்டியோபிளாஸ்ட்கள் சுரங்கச் சுவரில் நெருக்கமாக அமர்ந்து, முதல் தகட்டைச் சுவரின் மீதும், அடுத்ததை அதற்கு உள்பக்கமும், அதற்கடுத்ததை இன்னும் உள்பக்கமும் என்று படியச் செய்கின்றன. சுரங்கம் சிறுகச் சிறுகக் குறுகி, இரத்தக் குழாயும் நரம்பும் இருப்பதற்குத் தேவையான சுமார் 50 மைக்ரோமீட்டர் அகலமே மிஞ்சும்போது வேலை நிற்கிறது. மிஞ்சிய அந்த இடைவெளிக்குத்தான் ஹேவர்சியன் கால்வாய் என்று பெயர்.

ஒரு தகட்டின் தடிமன் 3 முதல் 7 மைக்ரோமீட்டர். ஓர் ஆஸ்டியானில் நான்கைந்து தகடுகளும் இருக்கலாம், இருபது வரையிலும் இருக்கலாம்.

4 பிப்ரவரி 2024, காலை 7.05

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு நேற்று இடம் போதவில்லை. அதுதான் இரண்டில் கனமானது.

குடையும் செல்கள் எலும்பைத் தின்று செல்லும்போது வழியில் இருப்பது பழைய ஆஸ்டியானா வேறு எலும்பா என்று பார்ப்பதில்லை. பழைய ஆஸ்டியான் ஒன்றின் ஓரத்தை வெட்டிக்கொண்டு புதிய சுரங்கம் போனால், பழையதில் பாதி வளையங்கள் காணாமற்போகும். மீதிப் பாதி, கால்வாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கேயே நிற்கும். மூன்று நான்கு புதிய ஆஸ்டியான்கள் பல திசைகளிலிருந்து வெட்டிய பிறகு எஞ்சுகிற ஒழுங்கற்ற துண்டுகளே இடையீட்டுத் தகடுகள். ஆஸ்டியான்களுக்கு நடுவே உள்ள சந்துகளை அடைப்பதற்காக உடல் தனியே செய்து வைத்த பூச்சு என்று அவற்றைக் கருதிவிடக் கூடாது. எலும்பின் அந்தப் பகுதியில் உள்ள மிகப் பழைய பொருள் அவைதான்.

இதை முதன்முதலில் தெளிவாக எடுத்துக் காட்டியவர்கள் ஜான் டோம்ஸ், காம்ப்பெல் டி மார்கன் என்ற இரண்டு ஆங்கிலேய அறுவை மருத்துவர்கள். 1853இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில், எலும்பு தொடர்ந்து அரிக்கப்பட்டுப் புதிதாக நிரப்பப்படுகிறது என்பதும், துண்டு வளையங்கள் அழிந்த ஹேவர்சியன் மண்டலங்களின், அதாவது ஆஸ்டியான்களின், மிச்சம் என்பதும் விளக்கப்பட்டுள்ளன.

குறுக்குவெட்டை எடுத்துக்கொண்டு அருகருகே உள்ள இரண்டு ஆஸ்டியான்களைப் பாருங்கள். எதன் வட்டம் முழுமையாக இருக்கிறதோ அது இளையது. எதன் வளையங்கள் நடுவில் வெட்டுப்பட்டு நிற்கின்றனவோ அது மூத்தது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒரு கண்ணாடித் தகட்டில் ஒன்றையொன்று வெட்டும் ஆஸ்டியான்களை மூப்பு வரிசையில் அடுக்கிவிட முடியும். மாணவர்களுக்கு நான் முதலில் கொடுத்து வந்த பயிற்சி அதுதான். பெயர் குறிப்பதற்கு முன்னால் வயதைச் சொல்லச் சொல்வேன்.

4 பிப்ரவரி 2024, மதியம் 1.30

மேலே எழுதியதற்கு ஓர் எல்லை உண்டு. எலும்பில் உள்ள எல்லாத் தகடுகளும் உள்நோக்கிப் படிபவை அல்ல. எலும்பின் புறப்பரப்பை ஒட்டி, அதன் முழுச் சுற்றளவையும் வளைத்து ஓடும் வெளிச் சுற்றுத் தகடுகள் பெரியாஸ்டியம் என்னும் எலும்புறையின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்பவை. அங்கே வெளியில் இருப்பதே புதியது. மஜ்ஜைக் குழியை ஒட்டிய உள் சுற்றுத் தகடுகள், அந்தக் குழியின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய உறையான எண்டாஸ்டியத்தின் வேலை.

வளரும் வயதில் புறப்பரப்பில் இருக்கும் இரத்தக் குழாய் ஒன்றைச் சுற்றிலும் எலும்பு எழும்பி மூடிக்கொள்வதால் உண்டாகும் முதல்நிலை ஆஸ்டியான்களும் உள்ளன. அங்கே எதுவும் குடையப்படவில்லை. ஆகவே குடைந்த எல்லையைக் காட்டும் சிமென்ட் கோடு சுற்றிலும் இருக்காது. நான் இந்த இழையில் வெறுமனே ஆஸ்டியான் என்று எழுதும்போது, குடைந்து நிரப்பியதால் உண்டாகும் இரண்டாம் நிலை ஆஸ்டியானையே குறிக்கிறேன்.

7 பிப்ரவரி 2024, இரவு 10.20

'எங்கள் கல்லூரிக் கண்ணாடித் தகட்டில் ஆஸ்டியோசைட்கள் (எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள்) கறுப்பாகத் தெரிகின்றன, எந்தச் சாயம் இட்டிருக்கிறார்கள்?' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எந்தச் சாயமும் இடவில்லை. அந்தக் கறுப்பு வெறும் காற்று.

தேய்வு வெட்டு, அதாவது உலர்ந்த எலும்பைத் தேய்த்து மெலிதாக்கிய வில்லை, செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் இது புரியும். நான் படித்த காலத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் கையாலேயே செய்து காட்டுவார். உலர்ந்த தொடை எலும்பின் நடுத்தண்டிலிருந்து மெல்லிய ரம்பத்தால் ஒரு வில்லையை அறுப்பார். அதைக் கார்போரண்டம் பொடியும் நீரும் தெளித்த கண்ணாடிப் பலகையின்மீது வைத்து, விரல் நுனியால் அழுத்தி வட்டமாகத் தேய்ப்பார். முதலில் கரகரவென்று சத்தம் வரும். வில்லை மெலிய மெலியச் சத்தம் குறையும். தண்ணீர் பால் நிறமாகும். நுண்மையான பொடிக்கு மாறிக் கடைசியில் மெருகுக் கல்லில் தேய்ப்பார். வில்லையைச் செய்தித்தாள்மேல் வைத்து அடியிலுள்ள எழுத்தைப் படிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது என்பார். அவசரப்பட்டு அழுத்தினால் ஓரம் பொடிந்துவிடும். பொறுமையில்லாமல் தடிமனாக விட்டுவிட்டால் செல்கள் இருந்த நுண்ணறைகளான லாக்குனாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்து படம் கலங்கிவிடும்.

பிறகு வில்லையைக் கழுவி முழுதாக உலர்த்தி, கனடா பால்சம் என்னும் ஒளி ஊடுருவும் பிசினில், அது கெட்டியாக இருக்கும்போது, பதிப்பார். பால்சம் இளகலாக இருந்தால் நுண்துளைகளுக்குள் இறங்கி எல்லாவற்றையும் ஒளி ஊடுருவும்படி ஆக்கிவிடும். பிறகு ஒன்றும் தெரியாது. கெட்டியாக இருந்தால் லாக்குனாக்களிலும் அவற்றை இணைக்கும் கனாலிகுலிகள் என்னும் நுண்வழிகளிலும் காற்று சிறைப்பட்டு நின்றுவிடும். காற்றும் எலும்பும் ஒளியை வளைக்கும் அளவில் வெகுவாக வேறுபடுவதால், காற்று உள்ள இடம் மட்டும் கறுத்துத் தெரிகிறது. நீங்கள் பார்ப்பது செல்லையே அன்று. செல் வாழ்ந்த அறையையும் அது கைநீட்டியிருந்த வழிகளையும்தான்.

குறைந்த உருப்பெருக்கத்தில் நிறுத்திவிடாதீர்கள். 40 மடங்கு பொருள்வில்லைக்கு மாறி, கண்டென்சரைச் சற்றே தாழ்த்தி, ஒளித்தடுப்பைச் சுருக்குங்கள். அப்போது நீள்வட்டமான ஒவ்வொரு கரிய லாக்குனாவிலிருந்தும் மயிரிழையினும் மெல்லிய கோடுகள் தகட்டுக்குக் குறுக்கே புறப்பட்டு, அடுத்த தகட்டின் லாக்குனாவிலிருந்து வரும் கோடுகளோடு சேர்வது தெரியும். குவியத்தை மெல்லத் திருப்பினால் ஒரு கோடு மறைந்து இன்னொன்று வரும். உயிருள்ள எலும்பு கல் அன்று என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது இந்தக் காட்சிதான். விரிவுரைகள் எதனாலும் அது ஆகவில்லை.

8 பிப்ரவரி 2024, காலை 6.50

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. ஆஸ்டியானின் விட்டம் ஏன் 0.2 மி.மீ. அளவிலேயே நிற்கிறது, ஏன் 2 மி.மீ. இல்லை என்று யோசித்துப் பாருங்கள்.

குருத்தெலும்பில் செல்லுக்கு வேண்டிய சத்து, சுற்றியுள்ள கூழ் போன்ற பொருளின் வழியே பரவிச் சென்று சேரும். எலும்பில் அது நடக்காது. தாது நிறைந்த தகட்டின் வழியே எதுவும் பரவாது. ஆகவே ஆஸ்டியோபிளாஸ்ட் தன்னைச் சுற்றித் தானே எலும்பை எழுப்பிக்கொண்டு உள்ளே புதைந்து ஆஸ்டியோசைட்டாக மாறும்போது, இரத்தக் குழாயின் பக்கம் நீண்ட தன் இழைகளை விடாமல் வைத்துக்கொள்கிறது. அந்த இழைகள் ஓடும் வழிகளே அரை மைக்ரோமீட்டர் அளவுக்கும் குறைந்த அகலமுள்ள கனாலிகுலிகள். இழையைச் சுற்றி மிஞ்சும் இடுக்கில் திரவம் ஓடுகிறது. இழைகளின் முனைகள் இடைவெளிச் சந்திகளால் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் செல்லிலிருந்து செல்லுக்கும் பொருள் கைமாறுகிறது. இப்படிக் கைமாற்றிக் கொடுத்து வாழவைக்கக்கூடிய தூரத்துக்கு எல்லை உண்டு. கால்வாயிலிருந்து சுமார் 100 மைக்ரோமீட்டர் தொலைவுக்குள்தான் பெரும்பாலான ஆஸ்டியோசைட்கள் இருக்கின்றன; ஆஸ்டியானின் ஆரமும் அதுவே.

மனித எலும்புக்கூட்டில் உள்ள ஆஸ்டியோசைட்களின் எண்ணிக்கை சுமார் 4,200 கோடி என்று 2015இல் மதிப்பிடப்பட்டது. எலும்பு வளையும்போது கனாலிகுலிக்குள் ஓடும் திரவம் இழைகளின்மீது உரசுகிறது. அந்த உரசலைக்கொண்டே சுமையின் அளவைச் செல் அறிகிறது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. சுமை குறைந்தால் ஸ்கிளெரோஸ்டின் என்னும் புரதத்தை அது கூடுதலாகச் சுரக்கிறது. அது ஆஸ்டியோபிளாஸ்ட்களின் வேலையை அடக்குகிறது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ரோமோசோசுமாப் என்ற மருந்துக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளியை விரைவில் எழுப்பி நிற்கவைக்க வேண்டும் என்று உங்கள் துறை சொல்வதற்கு நுண்நோக்கி மட்டத்தில் காரணம் இங்கேயே இருக்கிறது.

11 பிப்ரவரி 2024, மாலை 5.00

ஹேவர்சியன் என்ற பெயருக்குரியவரைப் பற்றிச் சுருக்கமாக. க்ளாப்டன் ஹேவர்ஸ் ஓர் ஆங்கில மருத்துவர். எலும்பைப் பற்றிய அவருடைய நூல் 1691இல் லண்டனில் வெளியானது. எலும்பில் நீளவாக்கிலும் குறுக்காகவும் நுண்துளைகள் இருப்பதை அவர் விரிவாக எழுதினார். ஆனால் அவை மஜ்ஜையின் எண்ணெயை எலும்பெங்கும் கொண்டுசெல்லும் வழிகள் என்பதே அவர் கருத்து. அவருக்கு முன்பே, 1670களில், டெல்ஃப்ட் நகரத்தின் லேவன்ஹூக் தம் ஒற்றை வில்லை நுண்நோக்கியால் எலும்பின் நுண்குழாய்களைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியிருந்தார். நூலாக விரித்து எழுதியவர் பெயரே நிலைத்தது.

குறுக்கே செல்லும் கால்வாய்களுக்கு ஜெர்மன் உடலியலாளர் ஆல்ஃபிரெட் வில்ஹெல்ம் வோல்க்மானின் பெயர். இவை ஹேவர்சியன் கால்வாய்களை ஒன்றோடொன்றும், எலும்புறையோடும், மஜ்ஜைக் குழியோடும் இணைக்கின்றன. தகடுகளைத் துளைத்துக்கொண்டு செல்கின்றன.

குறுக்குவெட்டை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் ஆஸ்டியானை நேரான தனித் தூணாக எண்ணிவிடுகிறார்கள். 1958இலேயே கோஹன், ஹாரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நாயின் தொடை எலும்பைத் தொடர் வெட்டுகளாக வெட்டி அடுக்கிப் பார்த்து, ஆஸ்டியான்கள் சாய்ந்தும் சுழன்றும் செல்வதையும் கிளைப்பதையும் காட்டிவிட்டார்கள். இன்றைய நுண் சி.டி. படங்களும் கிளைத்துப் பின்னிய வலையையே காட்டுகின்றன. பாடநூல் படம் மட்டும் மாறவில்லை.

12 பிப்ரவரி 2024, இரவு 8.45

'எலும்பில் ஆண்டு வளையமே கிடையாதா? டைனோசர் வயதை எலும்பு வளையத்தை எண்ணித்தானே சொல்கிறார்கள்?' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி; இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை வளர்ச்சி நின்று மறுபடி தொடங்கும் விலங்குகளில், எலும்பின் முழுச் சுற்றளவையும் வளைத்து ஒரு கோடு பதிகிறது. அது வளர்ச்சி நின்ற கோடு. எலும்புறையின் அடியில் வெளிநோக்கிச் சேரும் எலும்பில் பதிவதால் இங்கே மர வளையக் கணக்கு செல்லும். சூ என்று அழைக்கப்படும் டைரனோசாரஸின் வயதை 28 என்று 2004இல் கணித்தது இந்தக் கோடுகளைக்கொண்டுதான். இவை ஊர்வனவற்றுக்கே உரியவை என்ற எண்ணத்தை 2012இல் வெளியான ஓர் ஆய்வு மாற்றியது. அசைபோடும் காட்டு விலங்குகளின் தொடை எலும்புகளிலும் அவை இருப்பதை அது காட்டியது.

இங்கேயும் ஆஸ்டியான் குறுக்கிடுகிறது. வயது கூடக் கூட இரண்டாம் நிலை ஆஸ்டியான்கள் உட்பகுதியைக் குடைந்து நிரப்பிவிடுவதால் இளமைக் காலத்துக் கோடுகள் அழிந்துபோகின்றன. மஜ்ஜைக் குழி விரிவதாலும் சில போய்விடுகின்றன. ஆகவே ஆய்வாளர்கள் மறு உருவாக்கம் குறைவாக நடந்த எலும்பைத் தேடி எடுக்கிறார்கள். சூவுக்குத் தொடை எலும்பை விட்டுவிட்டு விலா எலும்பு போன்றவற்றைப் பயன்படுத்தியதன் காரணம் இதில் இருக்கிறது.

17 பிப்ரவரி 2024, காலை 11.10

தகடுகள் ஏன் தனித்தனியாகத் தெரிகின்றன என்பதற்கு வருகிறேன். எல்லாத் தகடும் ஒரே பொருள்தான்: எடையில் சுமார் 65 விழுக்காடு தாது, மீதி பெரும்பாலும் கொலாஜனும் நீரும். வேறுபடுவது கொலாஜன் இழைகளின் திசை.

முனைவாக்கிய ஒளியில் ஒரு தேய்வு வெட்டை வையுங்கள். ஒரு தகடு பளிச்சென்றும் அடுத்தது இருண்டும் மாறி மாறி வரும். ஆஸ்டியானின் மீது ஒரு கரிய சிலுவை விழும். மேடையைச் சுழற்றினால் வளையங்கள் சுழலும், சிலுவை நின்ற இடத்திலேயே நிற்கும். ஒளியின் பாதைக்குக் குறுக்காகக் கிடக்கும் இழைகள் பளிச்சிடுகின்றன. ஒளியின் பாதையிலேயே நீளும் இழைகள் இருண்டு தெரிகின்றன. அடுத்தடுத்த தகடுகளில் திசை மாறுவதால்தான், ஒரு தகட்டில் புகுந்த வெடிப்பு அடுத்த தகட்டை அதே வேகத்தில் கடக்க முடிவதில்லை.

ரோமில் அந்தோனியோ அசென்சியும் எர்மன்னோ போனுச்சியும் 1960களில் ஒற்றை ஆஸ்டியானைத் தனியே பிரித்தெடுத்து இழுத்தும் அழுத்தியும் சோதித்தார்கள். 0.2 மி.மீ. விட்டமுள்ள ஒன்றைச் சுற்றியுள்ள எலும்பிலிருந்து சேதமில்லாமல் விடுவித்துக் கருவியில் பூட்டுவது எத்தகைய கைவேலை என்று தேய்வு வெட்டு செய்தவர்களுக்குத் தெரியும். நீளவாக்கு இழைகள் மிகுந்த ஆஸ்டியான் இழுவிசையை நன்றாகத் தாங்குவதையும், குறுக்கிழைகள் மிகுந்தது அழுத்தத்தை நன்றாகத் தாங்குவதையும் அவர்கள் கண்டார்கள்.

இழைக்கும் கீழே இறங்கினால் சென்னை வந்துவிடுகிறது. கொலாஜன் மூலக்கூறு மூன்று சங்கிலிகள் பின்னிய சுருள். நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர். இந்த மூன்றிழைச் சுருள் அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுக்கான கொலாஜன் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. சுருள்கள் ஒன்றையொன்று மேலும் முறுக்கிக்கொள்ளும் திருத்திய வடிவத்தை 1955இல் வெளியிட்டார்கள். ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை பற்றி வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் கருத்து வேறுபாடு எழுந்தபோதும், மூன்றிழைச் சுருள் என்ற அடிப்படை நிலைத்தது. எலும்பின் நுண்ணமைப்பைத் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் நடத்தும்போது இந்தப் பெயர்களைச் சொல்லாமல் கடப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. பாடத்திட்டத்தில் ஒரு வரி போதும்.

18 பிப்ரவரி 2024, காலை 6.30

சிமென்ட் கோட்டைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். சுரங்கம் குடைந்து முடிந்த எல்லையே அந்தக் கோடு. தடிமன் 1 முதல் 5 மைக்ரோமீட்டர். அதில் கொலாஜன் குறைவு. தாது அளவில் மட்டும் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள்: 1980களில் தாது குறைந்த மென்மையான பகுதி என்று எழுதப்பட்டது, பின்சிதறல் எலக்ட்ரான் படங்களைக்கொண்டு 2000களில் செய்த ஆய்வுகள் அதைத் தாது மிகுந்த பகுதியாகக் காட்டின. இரண்டாவது முடிவே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. எதுவாயினும், எலும்பில் ஓடிவரும் வெடிப்பு ஆஸ்டியானைப் பிளக்காமல் இந்தக் கோட்டின் வழியே வளைந்து போய்விடுவது பலமுறை பதிவாகியுள்ளது.

25 பிப்ரவரி 2024, இரவு 9.40

ஓர் ஆஸ்டியான் நிரம்ப எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். நீங்களே போட்டுப் பார்க்கலாம். சுரங்கத்தின் ஆரம் 100 மைக்ரோமீட்டர். கால்வாயின் ஆரம் 25. நிரப்ப வேண்டிய தடிமன் 75 மைக்ரோமீட்டர். நாளுக்குச் சுமார் 1 மைக்ரோமீட்டர் வீதம் படிகிறது. கால்வாய் குறுகக் குறுக வேகமும் குறைகிறது. ஆக, ஏறத்தாழ மூன்று மாதம். ஓரிடத்தைக் குடைவதற்கோ இரண்டு மூன்று வாரம் போதும்.

குடைவது வாரக்கணக்கு, நிரப்புவது மாதக்கணக்கு என்ற இந்த ஏற்றத்தாழ்வை இயன்முறை மருத்துவர் மறக்கவே கூடாது. என் அண்ணன் மகன் சீருடைப் பணிக்கான பயிற்சியில் சேர்ந்த சில வாரங்களிலேயே கெண்டைக்கால் முன்னெலும்பில் வலி என்று சொன்னான். பயிற்சி தந்தவர்கள் சோம்பல் என்று கருதி ஓடவைத்தார்கள். கடைசியில் முன்னெலும்பில் அழுத்த முறிவு. அதுவரை ஓடிப் பழகாத எலும்பில் நுண்வெடிப்புகள் பெருகும்போது, வெடித்த இடங்களைக் குடைந்து எடுக்கும் வேலை பல இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்குகிறது. குடைந்த இடங்கள் நிரம்பும்வரை எலும்பில் வெற்றிடம் கூடுதல், வலிமை குறைவு. அந்த இடைவெளியில் ஓட்டத்தைக் கூட்டுவது சரிசெய்துகொண்டிருக்கும் எலும்பையே உடைப்பதாகும். அந்த வலியைச் சோம்பல் என்று சொல்பவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

நாளுக்கு 1 மைக்ரோமீட்டர் என்பதை எப்படி அளந்தார்கள்? டெட்ராசைக்ளின் மருந்து, புதிதாகத் தாது படியும் எல்லையில் ஒட்டிக்கொண்டு புற ஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிரும் என்பது 1957இல் தெரியவந்தது. சில நாள் மருந்து, சில நாள் இடைவெளி, மறுபடி சில நாள் மருந்து. பிறகு எலும்பைத் தேய்த்துப் பார்த்தால் ஆஸ்டியானுக்குள் இரண்டு ஒளிவளையங்கள். அவற்றின் இடைத்தூரத்தை நாள்களால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹெரால்டு ஃப்ராஸ்ட் இந்த முறையை வளர்த்தெடுத்தார். முதல் வளையம் வெளியிலும் இரண்டாவது உள்ளேயும் விழுவதால், வெளி வளையமே மூத்தது என்று முதல் நாள் நான் எழுதியதற்கு நேரடிச் சான்றும் இதுவே.

இதே ஒளிவளையங்கள் 1980இல் எதிர்பாராத ஓரிடத்தில் தென்பட்டன. சூடானின் நூபியாப் பகுதியில், பொ.ஆ. 350 முதல் 550 வரையிலான காலத்து எலும்புகளின் ஆஸ்டியான்களில் மஞ்சள் ஒளி. தானியத்தில் வளர்ந்து டெட்ராசைக்ளினை உண்டாக்கிய ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவே மூலம் என்றும், அத்தானியத்தில் செய்த பீரின் வழியே உடலில் சேர்ந்தது என்றும் மானிடவியலாளர் ஜார்ஜ் ஆர்மலகோஸ் குழுவினர் விளக்கினார்கள். மண்ணில் கிடந்தபோது மேலிருந்து ஊறியிருந்தால் எலும்பு முழுதும் பரவியிருக்கும். ஆஸ்டியானுக்குள் வளையமாக நிற்காது. அது டெட்ராசைக்ளின்தான் என்பது 2010இல் வேதியியல் சோதனையாலும் உறுதியானது.

3 மார்ச் 2024, மாலை 4.15

ஆஸ்டியான்களை எண்ணி மனிதரின் வயதைச் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு: முடியும், எல்லையோடு. மானிடவியலாளர் எல்லிஸ் கெர்லி 1965இல் தொடை எலும்பு, முன்னெலும்பு, பக்க எலும்பு ஆகியவற்றின் நடுத்தண்டில் முழு ஆஸ்டியான்கள், துண்டுகள், சுற்றுத் தகடுகளின் பங்கு, ஹேவர்சியன் அல்லாத கால்வாய்கள் ஆகிய நான்கையும் எண்ணி வயதோடு பொருத்தும் முறையை வெளியிட்டார். நுண்நோக்கியின் பார்வைப் பரப்பு கருவிக்குக் கருவி மாறுவதால் 1978இல் திருத்தமும் வந்தது. தடயவியலில் இம்முறை இன்றும் பயன்படுகிறது.

எல்லை எது என்றால், முதுமையில் எலும்பு முழுதும் ஆஸ்டியான்களால் நிரம்பிய பிறகு, புதிதாக வரும் ஒவ்வொன்றும் பழைய ஒன்றையோ பலவற்றையோ அழித்துத்தான் இடம்பிடிக்கிறது. எண்ணிக்கை ஏறாமல் நின்றுவிடுகிறது. எழுபது வயதுக்காரரையும் எண்பது வயதுக்காரரையும் அப்போது எண்ணிக்கை பிரித்துக் காட்டாது.

9 மார்ச் 2024, காலை 10.00

இழையைத் தொடங்கியவர் இரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறார். முதலாவது, தாது நீக்கி ஹீமடாக்ஸிலின்–இயோசின் சாயமிட்ட வெட்டு. அதில் கனாலிகுலி தெரியவில்லை என்பது குறைபாடு அன்று. அமிலத்தில் தாதுவை எடுத்து மெழுகில் பதித்துவிட்டால் காற்று நிற்க இடமில்லை. அங்கே செல்லின் உட்கரு, எலும்புறை, கால்வாய்க்குள் இருக்கும் இரத்தக் குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். தேய்வு வெட்டில் இவை கிடைக்காது. தாது நீக்கிய வெட்டிலும் கனாலிகுலி வேண்டுமென்றால் ஷ்மோர்ல் முறையில் தயோனின் சாயமும் பிக்ரிக் அமிலமும் இட வேண்டும்.

இரண்டாவது படத்தில் ஆஸ்டியான்களைச் சுற்றி ஓடும் வெடிப்புகளை நுண்வெடிப்பு என்று அம்பு போட்டிருக்கிறீர்கள். உலர்த்தும்போதும் தேய்க்கும்போதும் அதே இடங்களில் வெடிப்பு விழும் என்பதால், இந்தக் கண்ணாடித் தகட்டிலிருந்து அதைச் சொல்ல முடியாது. எலும்பை வெட்டுவதற்கு முன்பே துண்டாக ஃபுக்சின் சாயத்தில் ஊறவைத்திருந்தால், உயிரோடிருந்தபோது விழுந்த வெடிப்பின் சுவர்கள் சிவந்திருக்கும். பிறகு விழுந்தவற்றில் நிறம் இராது. 1960இல் ஃப்ராஸ்ட் காட்டிய வழி இது. உங்கள் படத்தில் சிவப்பு எங்கும் இல்லை. அம்புகளை எடுத்துவிட்டு, வலது மேல் மூலையில் மூன்று ஆஸ்டியான்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் துண்டுக்கு ஒரு அம்பு போடுங்கள்; அந்தத் துண்டை எந்த வரிசையில் மூன்றும் வெட்டின என்பது அங்கே நன்றாகத் தெரிகிறது.